பிறந்ததும் அழாத பிள்ளை: முதல் நிமிஷமும் முதல் வருஷமும்

(ஒலிபரப்பான அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது. பேச்சுநடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

நான் பாளையங்கோட்டையில் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டா வேலை பார்க்கிறேன். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஆலங்குளம், ஸ்ரீவைகுண்டம்னு தாமிரபரணிக் கரையிலிருந்தும் அதைச் சுத்தியும் பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. முதல் நாள் நான் கட்டாயம் கேக்குற கேள்வி ஒண்ணு உண்டு. "பிள்ளை பிறந்ததும் அழுதுச்சா?"

பதில் பல மாதிரி வரும். "உடனே அழல மேடம்." "உள்ளயே தண்ணி குடிச்சிட்டுன்னு சொன்னாவ." "பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாவ." அதுக்கு மேல கேட்டா பெரும்பாலும் தெரியாது. எத்தனை நிமிஷம் கழிச்சு அழுதுச்சு, மூச்சு கொடுக்க என்ன செஞ்சாங்க, வலிப்பு வந்துச்சா, எதுவும் கையில் இருக்கிற சீட்டில் இருக்காது. அந்தச் சில நிமிஷங்கள்ல என்ன நடக்குது, அதுக்கப்புறம் குடும்பம் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாதுன்னுதான் இன்னைக்குப் பேசப் போறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

வயித்துக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு நுரையீரல் வேலை செய்யாது. அதுக்குள்ள காத்து கிடையாது, நீர்தான் இருக்கும். பிள்ளைக்கு வேண்டிய ஆக்சிஜன் முழுக்க தாயோட ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியா, தொப்புள்கொடி மூலமா வருது. பிரசவ வலி எடுக்கும்போது கர்ப்பப்பை இறுகும். அந்த நேரம் ரத்த ஓட்டம் கொஞ்சம் குறையும். வலி விட்டதும் திரும்பச் சரியாகும். ஆரோக்கியமான பிள்ளை இதைத் தாங்கிக்கும். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில கிடைக்கிற ஓய்வில்தான் அது மூச்சு வாங்கிக்கிற மாதிரி.

அந்த ஓய்வு கிடைக்காமப் போறப்போ சிக்கல் வருது. வலி இடைவெளி இல்லாம வரலாம். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிஞ்சிரலாம். தொப்புள்கொடி பிள்ளைக்கு முன்னாடி வெளியே வந்து நசுங்கலாம். தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரலாம். பிள்ளை இறங்காம மணிக்கணக்கா அடைபட்டு நிக்கலாம். இப்படி ஆனா பிள்ளையோட இதயத் துடிப்பு குறையும். இருக்கிற ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிட்டு உடம்பு கொஞ்ச நேரம் சமாளிக்கும். அதுவும் தீர்ந்தா மூளை அடிபடத் தொடங்கும்.

இதுல ரொம்பப் பேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. அடி ரெண்டு தடவை விழும். ஆக்சிஜன் இல்லாத அந்த நேரத்துல முதல் அடி. பிறகு மூச்சு வந்து, ரத்த ஓட்டம் திரும்பி, சில மணி நேரம் மூளை தேறின மாதிரி இருக்கும். சுமார் 6 மணி நேரத்துக்கு அப்புறம் மூளை அணுக்கள்ல சக்தி திரும்பவும் குறைய ஆரம்பிக்கும். ரெண்டு மூணு நாள் அது நீடிக்கலாம். வலிப்பு வர்றது பெரும்பாலும் இந்தச் சமயத்துலதான். "நேத்து நல்லாத்தான் இருந்துச்சு, ராத்திரி என்னமோ ஆயிப்போச்சு"ன்னு ஆச்சிமார் சொல்றாங்களே, அதுக்கு இதுதான் காரணம். ராத்திரி புதுசா எதுவும் ஆகல. பிரசவத்தப்போ நடந்ததோட ரெண்டாம் பாகம் அது.

முதல் நிமிஷம்

பிறக்கிற 100 பிள்ளைகள்ல சுமார் 85 பிள்ளைகள் யார் உதவியும் இல்லாம மூச்சு விடும். இன்னொரு 10 பிள்ளைகளுக்கு நல்லா துடைச்சு, முதுகைத் தேய்ச்சு விட்டாலே போதும். மிச்சம் இருக்கிற 5 பேருக்கு மூச்சு கொடுக்கணும். முகத்துல மாஸ்க் வச்சு, கையால அமுக்குற பை மூலமா நுரையீரலுக்குக் காத்து அனுப்பணும். நெஞ்சை அமுக்குறது, மருந்து போடுறது எல்லாம் 100-ல ஒரு பிள்ளைக்குக்கூடத் தேவைப்படாது.

ஆக, பெரும்பாலான பிள்ளைகளைக் காப்பாத்துறது பெரிய மெஷின் இல்லை. ஒரு பை, சரியான அளவுல ஒரு மாஸ்க், அதைப் பிடிக்கத் தெரிஞ்ச ஒரு நர்ஸ். முதல் ஒரு நிமிஷத்துக்குள்ள இது நடக்கணும். அதனாலதான் அந்த நிமிஷத்தைப் 'பொன்னான நிமிஷம்'னு சொல்றாங்க. இந்தப் பயிற்சியை நாடு முழுக்க பிரசவ அறை ஊழியர்களுக்குக் கொடுக்கணும்னு மத்திய அரசு 2009-ல 'நவஜாத் சிசு சுரக்ஷா' திட்டத்தைக் கொண்டுவந்துச்சு.

இன்னொரு ஆச்சரியம் சொல்றேன். ஆக்சிஜன் இல்லாம தவிச்ச பிள்ளைக்கு சுத்தமான ஆக்சிஜனைக் கொடுக்கிறதுதானே நியாயம்? பல வருஷம் உலகம் முழுக்க அப்படித்தான் செஞ்சாங்க. 1993-ல டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி டாக்டர் ராம்ஜியும், நார்வே டாக்டர் ஓலா சௌக்ஸ்டாடும் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. சாதாரண அறைக் காத்தைக் கொடுத்தாலே பிள்ளைகள் நல்லா தேறுதுன்னு அதுல தெரிஞ்சது. பின்னாடி வந்த பெரிய ஆய்வுகளும் அதையே சொன்னதால, நிறைமாசப் பிள்ளைக்கு முதல்ல அறைக் காத்துதான்னு உலக விதிமுறையே மாறிடுச்சு. அதனால "எங்க பிள்ளைக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வைக்கலையே"ன்னு யாராவது வருத்தப்பட்டா, அந்த முதல் நிமிஷத்துல காத்து உள்ளே போச்சாங்கிறதுதான் முக்கியம்னு சொல்லுங்க. தலைகீழாத் தொங்கவிடுறது, முதுகுல அறையுறது, முகத்துல தண்ணி தெளிக்கிறது எதுவும் வேண்டாம்.

"அவ ஒழுங்கா முக்கல"

இந்த வார்த்தையை நான் எத்தனை வீட்டுல கேட்டிருப்பேன்னு கணக்கே இல்லை. மாமியார் சொல்வாங்க, நாத்தனார் சொல்வாங்க, சில சமயம் பிரசவ அறையிலேயே சொல்லியிருப்பாங்க. அந்தப் பொண்ணு அதை அப்படியே நம்பி, பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு என் முன்னாடி தலைகுனிஞ்சு உக்காந்திருப்பா. இன்னொரு பக்கம், "கிரகணத்தன்னைக்கு வெளிய போனா"ன்னு ஒரு காரணம் ரெடியா இருக்கும்.

ரெண்டுமே காரணம் இல்லை. பிள்ளையோட இதயம் நிமிஷத்துக்கு 110-லிருந்து 160 தடவை துடிக்கணும். வலி தீவிரமானதும் அரை மணிக்கு ஒரு தடவையாவது, பிள்ளை வெளியே வர்ற கட்டத்துல 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை, அதைக் கேட்டுப் பாக்கணும். குறைஞ்சா அடுத்து என்ன செய்யணும்னு முடிவு எடுக்கணும். அது வலியில துடிக்கிற பொண்ணோட வேலை கிடையாது. சீக்கிரம் பிறக்கட்டும்னு வலி கூடுற மருந்து ஏத்தினா இன்னும் கவனமாக் கேக்கணும். வலி அளவுக்கு மீறிப் போனா பிள்ளைக்கு ஓய்வு கிடைக்காதுன்னு முன்னாடியே சொன்னேன் இல்லையா?

அதே நேரம், பிள்ளைக்குக் கை கால் வரலைன்னாலே "பிரசவம் பாத்தவங்க கெடுத்துட்டாங்க"ன்னு முடிவு கட்டுறதும் சரி கிடையாது. இந்த வாதம் ரொம்பப் பழசு. லண்டன்ல வில்லியம் ஜான் லிட்டில்னு ஒரு டாக்டர், கஷ்டமான பிரசவத்துக்கும் பிள்ளைகளோட கை கால் இறுக்கத்துக்கும் தொடர்பு இருக்குன்னு 1861-ல சொன்னார். மனோதத்துவத்துல நமக்குத் தெரிஞ்ச சிக்மண்ட் பிராய்ட், அதுக்கு முன்னாடி நரம்பியல் டாக்டர். அவர் 1897-ல திருப்பிக் கேட்டார்: உள்ளேயே ஏதோ கோளாறு இருந்ததாலதான் பிரசவமே கஷ்டமாச்சுன்னு ஏன் இருக்கக் கூடாது? 1986-ல அமெரிக்காவுல கேரின் நெல்சன், ஜோனஸ் எல்லன்பெர்க் ரெண்டு பேரும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பாத்த விவரங்களை அலசினாங்க. பெருமூளை வாதம் வந்த பிள்ளைகள்ல சிறு பங்குக்குத்தான் பிரசவ நேர மூச்சுத்தடையைக் காரணம் காட்ட முடிஞ்சது.

நம்ம ஊர்ல அந்தப் பங்கு கூடுதலா இருக்கலாம். ஆனாலும் குறைமாசம், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல், பரம்பரைக் கோளாறுன்னு வேற காரணங்களும் இதே மாதிரி தோற்றத்தைக் கொடுக்கும். சொந்தத்துல கல்யாணம் செஞ்ச குடும்பம்னா, முதல் பிள்ளைக்கும் ரெண்டாவது பிள்ளைக்கும் ஒரே மாதிரி ஆனா, அது பிரசவத்தால வந்ததான்னு மரபணு டாக்டர்கிட்ட கட்டாயம் கேளுங்க. யாரைக் குத்தம் சொல்றதுன்னு தெரிஞ்சுக்க இல்லை. அடுத்த பிள்ளைக்கு என்ன செய்யணும்னு தெரிஞ்சுக்க.

குளிர வைக்கும் சிகிச்சை

யூடியூப் பாத்துட்டு வர்ற அப்பாக்கள் இப்போ கேக்குற கேள்வி இது. "வெளிநாட்டுல பிள்ளையைக் குளிர வச்சுக் காப்பாத்துறாங்களாமே, இங்க ஏன் செய்யல?"

நியாயமான கேள்வி. பிறந்து 6 மணி நேரத்துக்குள்ள தொடங்கி, உடம்பு வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, 72 மணி நேரம் வச்சிருந்தா ரெண்டாவது அடியைக் குறைக்கலாம்னு 2005-லிருந்து வந்த பெரிய ஆய்வுகள் சொல்லுச்சு. பணக்கார நாடுகள்ல அது வழக்கமான சிகிச்சை ஆயிடுச்சு. விலை உயர்ந்த கருவி இல்லாமலே குளிர வைக்கிற ஒரு படுக்கையை வேலூர் சி.எம்.சி. டாக்டர்களோட பங்களிப்போட நம்ம நாட்டிலேயே உருவாக்கினாங்க.

அப்புறம் ஹீலிக்ஸ்னு ஒரு ஆய்வு நடந்துச்சு. இந்தியா, இலங்கை, வங்கதேசத்துல 7 மருத்துவமனைகள், 408 பிள்ளைகள். சென்னை மருத்துவக் கல்லூரியும் அதுல இருந்துச்சு. முடிவு 2021-ல வந்தது. குளிர வச்ச பிள்ளைகள்ல 100-க்கு 42 பேர் இறந்தாங்க. வழக்கமான சிகிச்சை பெற்ற பிள்ளைகள்ல 100-க்கு 31 பேர். பிழைச்ச பிள்ளைகளையும் சேர்த்து, சாவு அல்லது மிதமான, கடுமையான ஊனம்னு கணக்குப் பாத்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட பாதிப் பாதி. குளிர வச்சதால பலன் கிடைக்கல, சாவு கூடியிருந்துச்சு.

ஏன்? நம்ம பக்கத்துல பல பிள்ளைகளுக்கு அடி பிரசவத்துக்கு முன்னாடியே தொடங்கியிருக்கலாம், அதனால அந்த 6 மணி நேரக் கணக்கே பொருந்தாமப் போயிருக்கலாம்ங்கிறது ஒரு விளக்கம். இதைப் பத்தி டாக்டர்கள் இன்னும் வாதம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒவ்வொரு முடிவு எடுக்கிறாங்க. அதனால குளிர வைக்கலைங்கிறதை மட்டும் வச்சு உங்க பிள்ளைக்கு எதோ கிடைக்காமப் போச்சுன்னு மனசை உடைச்சுக்காதீங்க. வீட்டிலயோ ஆம்புலன்ஸிலயோ நீங்களா ஈரத்துணி போட்டுக் குளிர வைக்கவும் கூடாது. பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி வர சுமார் 50 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் வர்ற பச்சைப் பிள்ளையை உலர்ந்த துணியில கதகதப்பா வச்சுக் கொண்டு வரணும். காய்ச்சல் அடிச்சாலும் மூளைக்குக் கெடுதல், ரொம்பச் சில்லிட்டாலும் கெடுதல்.

காத்திருக்கும் வழக்கம்

ஸ்ரீவைகுண்டத்துல பிறந்த குமரகுருபரர் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். அஞ்சு வயசு வரைக்கும் பேசல, பெத்தவங்க திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போனாங்க, முருகன் அருளால பாடினார்னு சொல்வாங்க. நம்பிக்கையில நான் தலையிடல. ஆனா என்கிட்ட மூணு வயசுல வர்ற பிள்ளைகளோட வீட்டுல "அவரே அஞ்சு வயசுலதான் பேசினாரு, பாத்துக்கிடலாம்"னு யாரோ ஒருத்தர் சொல்லியிருப்பாங்க. இல்லைன்னா, "இவன் தாத்தா மூணு வயசுலதான் நடந்தாவளாம்"னு ஒரு கதை இருக்கும்.

அதே குமரகுருபரர் பாடினது பிள்ளைத்தமிழ். பிள்ளைத்தமிழோட பருவங்களை எடுத்துப் பாருங்க. அஞ்சாம் மாசம் செங்கீரை: கையை ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுறது. ஒன்பதாம் மாசம் சப்பாணி: உக்காந்து ரெண்டு கையையும் சேர்த்துக் கொட்டுறது. 13-ஆம் மாசம் வருகை: தளர்நடை போட்டு வர்றது. இந்தந்த மாசத்துல பிள்ளை இதைச் செய்யணும்னு நம்ம முன்னோர் கண்ணால பாத்து வச்சிருந்த கணக்கு அது. அஞ்சு மாசத்துல தலை நிமிரலைன்னா கவலைப்படணும்னு அந்தப் பருவக் கணக்கே நமக்குச் சொல்லுது.

பிறந்ததும் அழாத பிள்ளைக்கு நாங்க அதுக்கும் முன்னாடியே பாக்க ஆரம்பிப்போம். பெருமூளை வாதத்தை 6 மாசத்துக்குள்ளயே கண்டுபிடிக்க முடியும்னு 2017-ல வந்த சர்வதேச வழிகாட்டி சொல்லுது. மூணுலிருந்து அஞ்சு மாசத்துல, முழிச்சு அமைதியா மல்லாந்து படுத்திருக்கும்போது, கை, கால், கழுத்து எல்லாம் சின்னச் சின்னதா இடைவிடாம அசையணும். போன்ல ஒரு 5 நிமிஷம் வீடியோ எடுத்துட்டு வாங்க. பொம்மை காட்டாதீங்க, பேசாதீங்க, பிள்ளையை அதன் போக்குல விடுங்க. பயிற்சி பெற்றவங்க அந்த வீடியோவைப் பாத்தே நிறையச் சொல்ல முடியும்.

வீட்டுல கவனிக்க வேண்டியது: நாலு மாசம் முடிஞ்சும் தலை நிக்கல, கட்டைவிரலை உள்ளே வச்சு எப்பவும் கை மூடியே இருக்கு, தூக்கினா கால் ரெண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்குது, ஒரு கையை மட்டும்தான் நீட்டுது, பால் குடிக்க ஒரு மணி நேரம் ஆகுது, முகம் பாத்துச் சிரிக்கல. இதுல ஒண்ணு இருந்தாலும் வாங்க. ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சா சந்தோஷமாத் திரும்பிப் போகலாம்.

மடியும் சொளவும்

சிகிச்சைன்னா தினம் பஸ் ஏறி வர்றதுன்னு நினைச்சுத்தான் பாதிப் பேர் நிறுத்திடுறாங்க. ஆலங்குளம், பாவூர்சத்திரம், முக்கூடல் பக்கத்துல எத்தனையோ வீடு பீடி சுத்தித்தான் ஓடுது. அம்மா மடியில சொளவு இருக்கும்போது பிள்ளைக்கு மடி கிடையாது. பிள்ளை தரையில மல்லாந்தே கிடக்கும். அவளைக் குத்தம் சொல்லி என்ன ஆகப் போகுது? அந்த வீட்டுக்குள்ளயே எப்படிச் செய்யலாம்னுதான் யோசிக்கணும். பிள்ளையைக் குப்புறப் போட்டு, நெஞ்சுக்குக் கீழே சுருட்டின சேலையை வச்சு, முன்னாடி அக்காளை உக்கார வச்சா, தலை தூக்கப் பழகும். சுவரோரம் தலையணை கொடுத்து உக்கார வைக்கலாம். பால் கொடுக்கும்போது படுக்க வச்சு சங்குல ஊத்தாம, தலையை உயர்த்திப் பிடிக்கணும். இல்லைன்னா பால் நுரையீரலுக்குப் போகும். எண்ணெய் தேய்ச்சுவிடுறது நல்லதுதான், மூக்குல ஊத்தாதீங்க.

இந்த வழியைப் பெரிய அளவுல செஞ்சு காட்டினவங்க நம்ம பக்கத்துலயே இருக்காங்க. தென்காசி பக்கம் ஆய்க்குடியில அமர் சேவா சங்கம். 1975-ல கடற்படை அதிகாரி தேர்வுல விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல தொடங்கினது. 2020-ல அவருக்குப் பத்மஸ்ரீ கிடைச்சது. அவங்க அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்புறாங்க. அவங்க கையில ஒரு செயலி இருக்கும். பிள்ளையோட முன்னேற்றத்தை அதுல பதிவு செய்ய, தெரபிஸ்ட் தூரத்திலிருந்தே பாத்து அடுத்து என்ன செய்யணும்னு சொல்வாங்க. அடிபட்ட மூளைப் பகுதியை இது திருப்பிக் கொடுக்காது. மிச்சம் இருக்கிற மூளை, பழகுறதை வச்சுத்தான் வழி கண்டுபிடிக்கும். அதுக்கு ஏத்த காலம் முதல் ரெண்டு வருஷம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியது

கடைசியா, எழுதி வச்சுக்கோங்க.

நிறைமாசத்துல பிள்ளை அசைவு குறைஞ்சா விடியட்டும்னு காத்திருக்காதீங்க. 108 கூப்பிடுங்க. பிரசவத்தப்போ கூட ஒரு பொண்ணு துணைக்கு இருக்கலாமான்னு முன்னாடியே கேளுங்க. பிள்ளைக்கு மூச்சு கொடுக்கிற பையும் மாஸ்க்கும் பிரசவ அறையில இருக்கான்னு கேளுங்க. கேக்குறது தப்பே இல்லை.

டிஸ்சார்ஜ் சீட்டுல நாலு விஷயம் எழுதித் தரச் சொல்லுங்க: பிள்ளை எப்போ அழுதுச்சு, 1-ஆவது, 5-ஆவது நிமிஷ அப்கார் மதிப்பெண், மூச்சு கொடுத்தாங்களா, வலிப்பு வந்துச்சா. அப்கார் குறைவுன்னா பிள்ளைக்கு எதிர்காலமே இல்லைன்னு அர்த்தம் இல்லை. குறைஞ்ச மதிப்பெண்ணோட பிறந்து ஓடியாடுற பிள்ளைகள்தான் அதிகம். கூடுதலாக் கவனிக்கணும்னு மட்டும்தான் அர்த்தம்.

பச்சைப் பிள்ளைக்கு அரசு மருத்துவமனையில சிகிச்சையும் வண்டியும் இலவசம். அது 2011-லிருந்தே இருக்கு. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துல கண், காது, கை கால், பேச்சு எல்லாத்தையும் ஒரே இடத்துல பாப்பாங்க. பெருமூளை வாதம்னு உறுதியானா, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அடையாள அட்டை வாங்குங்க. நிராமயா காப்பீட்டுல 1 லட்சம் ரூபாய் வரைக்கும் சிகிச்சைச் செலவுக்கு உதவி உண்டு, தெரபியும் அதுல அடங்கும்.

இதைக் கேக்குற மாமியார்மாருக்கும் அப்பாமாருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பொண்ணுகிட்ட "நீ முக்கல"ன்னு சொல்றதை நிறுத்திட்டு, தினம் அரை மணி நேரம் பிள்ளையை நீங்க வாங்கிக்கோங்க. அவ கொஞ்சம் தூங்கட்டும். பிள்ளைக்கும் உங்க மடி கிடைக்கும்.

கேள்வி இருந்தா அனுப்புங்க, அடுத்த அத்தியாயத்துல பதில் சொல்றேன்.